பாகூரில் யார் முன்னால் நடப்பது?

எங்கள் தெருவில் எனக்கு வெளிநாடு போய் வந்தவன் என்று ஒரு பெயர் உண்டு. போன இடம் பாண்டிச்சேரி. ஒரு வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் இன்னொரு வெள்ளைக்காரன் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்த ஊர் எதுவானாலும், எங்கள் அம்மாவுக்கு அது வெளிநாடுதான்.

என் தம்பி முருகேசன் அங்கே ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தான். பாகூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, பேசி, முடிவும் செய்துகொண்ட பிறகு, எங்களைப் பெண் பார்க்க வரச் சொல்லிக் கடிதம் போட்டான். விளைந்த பிறகு விதைக்கக் கூப்பிடுவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்பா இல்லாத வீடு என்பதால், அம்மா தன் தம்பி சுப்பையா மாமாவையும் என்னையும் அனுப்பி வைத்தாள். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. எனக்குக் கூடப் போகிற வேலை மட்டும்தான். மாமா சரி என்றால் கல்யாணம், உதட்டைப் பிதுக்கினால் கல்யாணம் இல்லை. இது எங்கள் குடும்பத்துச் சட்டம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் அது. மாமா ஒரு குடை, ஒரு டின் கடலைமிட்டாய், ஒரு பித்தளைச் செம்பு ஆகியவற்றுடன் கிளம்பினார். செம்பில் எங்கள் ஊர்த் தண்ணீர். அயலூர்த் தண்ணீர் அவருக்குச் சேராதாம். எங்கள் ஊரில் தண்ணீர் கிடைக்கிற லட்சணத்துக்கு இந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

மூலக்குளத்தில் தம்பியின் அறையில் காலைப் பலகாரமாக உலக்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி வந்தது. மாமா அதை மேசையில் தட்டிப் பார்த்தார். "மாப்ளே, இத எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கது?" என்று என்னைக் கேட்டார். டீயில் நனைத்துத் தின்று பார்த்துவிட்டு, கடைசித் துண்டை எனக்குக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார்.

தம்பிக்கு அன்று ஷிப்ட். அதனால் எங்களுக்கு விவரம் சொல்லி அனுப்பினான். பெண் பெயர் மல்லிகா, வில்லியனூரில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். அவள் அப்பா நாகமுத்து, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். சைகோன் பக்கம் சண்டைக்குப் போய் வந்தவர். ஊரில் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் பழைய பட்டாளத்துக்காரனுக்கு அதுதான் பெயர்.

"ரொம்ப மரியாதை பாக்கிறவரு மாமா," என்றான் தம்பி. "ஒருநாளும் நம்மளத் தாண்டி முன்னால நடக்க மாட்டாரு."

மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

பாகூர் பஸ்ஸில் கண்டக்டர் வழி நெடுக நாட்டு எல்லைகளை அறிவித்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்தில் பாண்டிச்சேரியும் தமிழ்நாடும் பங்காளிகளின் நிலம்போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு வேறு. "தமிழ்நாடு வந்துடுச்சி, பாட்டில் வெச்சிருக்கிறவங்க துணிக்குள்ள வெச்சிக்குங்க" என்பார். சற்று நேரத்தில் "தோ பாண்டி வந்துடுச்சி, மூச்சு வுட்டுக்குங்க" என்பார். மாமா பயந்துபோய்ப் பித்தளைச் செம்பை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

பாகூரில் இறங்கியதும் கண்ணைப் பறித்தது பச்சை. எங்கள் கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் மானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இங்கே ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டு நெல் சோம்பல் முறித்துக்கொண்டு நின்றது. மாமா ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார். பொறாமையாக இருந்திருக்கும்.

பஸ் நிற்குமிடத்தில் நாகமுத்து காத்திருந்தார். ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, காலில் ஷூ. கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, "நீங்க முன்னாடி போங்க" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. வழி காட்டுகிறவர் வீட்டுக்காரர், அவர்தான் முன்னால் போக வேண்டும். விருந்தாளி முந்தினால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஆகவே மாமா, "சே சே, நீங்க போங்க" என்றார். "அய்ய, நீங்க போங்க" என்றார் அவர். இருவரும் கைகளை நீட்டி ஒருவரையொருவர் வழியனுப்பிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். நாங்கள் வந்த பஸ் கிளம்பிப் போயிற்று. மழை தூற ஆரம்பித்தது. கடைசியில் நான் மாமாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து நடத்தினேன்.

வழி தெரியாதவர்கள் முன்னால் போனால் என்ன ஆகும்? "நேரா போங்க" என்று பின்னாலிருந்து அவர் சொன்னார். நேராகப் போனோம். பக்கத்தில் வந்த மாட்டுவண்டிச் சத்தத்தில் அவர் சொன்ன "ரைட்டு" காதில் விழவில்லை. பெண் பார்க்கப் போன சம்பந்தி வீட்டார் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றோம். அங்கே இருந்த ஒருவர் எங்களை வரவேற்று இடம்கூட ஒதுக்கினார்.

ஒருவழியாக வீடு சேர்ந்தோம். மத்தியானச் சாப்பாடு, பக்கத்துக் கடலோரத்துப் பனித்திட்டு மீன். நாகமுத்துவின் மனைவி அஞ்சலையம்மாள், மீன் துண்டுகளைக் கரண்டியில் எடுத்து இலையில் சரித்துக்கொண்டே இருந்தார். கடலிலிருந்து எங்கள் ஊருக்கு மீன் வந்து சேருவதற்குள் அதற்கு வாழ்க்கையே சலித்துப் போயிருக்கும். இது அன்று காலையில்தான் வலைக்கு வந்த மீன். மாமா அயலூர்த் தண்ணீர் விஷயத்தை மறந்து இரண்டு செம்பு குடித்தார். பெண்ணையும் பிடித்துவிட்டது. பளிச்சென்று பேசினாள், மாமா கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவரையும் நாலு கேள்வி கேட்டாள்.

வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் மாமா கல்யாண முறைகளைப் பேசத் தொடங்கினார். "எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அத மட்டும் விடமாட்டோம். பொண்ணைப் பெத்த தகப்பன் முன்னால நடக்கணும். பொண்ணு அவரு அடி பாத்து, அவரு பின்னாலயே மணவறைக்கு வரணும். அது இல்லாம எங்க வீட்ல தாலி ஏறினது கிடையாது."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நாகமுத்துவின் கை அப்படியே நின்றது. "பாக்கலாம்" என்றார். பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். மல்லிகா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் அவர் விவசாயம் செய்கிற அழகைப் பார்த்தோம். தார் ரோட்டோரம் ஒரு மதகு. அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை வாயில் வைத்து, "ஏ ஆறுமுகம், மேலண்ட மடைய அடைபா! தண்ணி வழியுது!" என்று நிலத்தைப் பார்த்துக் கத்தினார். தூரத்தில் ஆறுமுகம் மண்வெட்டியை உயர்த்திக் காட்டிவிட்டு மடையை அடைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புனலில் பயிர் வளர்த்த மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாமா சிரிக்கவில்லை. அவர் கணக்கே வேறு. ஒரு குடும்பத்தின் யோக்கியதையை அவர் வீட்டில் பார்க்க மாட்டார், காட்டில் பார்ப்பார். "வாங்க, ஒரு நடை உள்ள போயி நிலத்தப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

"தோ, இங்கேர்ந்தே நல்லா தெரியுதே" என்றார் நாகமுத்து.

"கிணறு தெரியலையே?"

"தோ அந்தத் தென்ன மரம் கீது பாருங்க, அதுங்கீழ."

"நிலத்த மிதிச்சுப் பாத்தாத்தானே நிலம் தெரியும்?"

"மழ பெஞ்சி வழுக்குது. இன்னொரு நாளு பாக்கலாம்" என்றார். வெயில் அப்போது சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மாமா என்னை நேரே டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சொந்த நிலத்தில் கால் வைக்காத மனுஷன் உலகத்தில் உண்டா, அது எவனுடைய நிலமோ, என்பது அவருடைய சந்தேகம். கடைக்காரர் ஒரு பாய். கண்ணாடிக் கிளாஸை அலசிக்கொண்டே பதில் சொன்னார்.

"நெலம் அவுருதுதாங்க. அதுல ஒண்ணியும் டவுட்டு வாணாம். ஆனா வரப்புல எறங்க மாட்டாரு. வரப்புன்னா ஒருத்தர் பின்னால ஒருத்தர்தானே போவணும்? அவுருக்குப் பின்னால யாரும் வரக் கூடாது. ரோட்டுலயும் அப்பிடித்தான். சாமி வந்தாலும் சரி, சாவு போனாலும் சரி, சொல்தாதான் கடசி ஆளு. எங்க ஊரு வாத்து கூட அவுரப் பாத்தா ஒதுங்கி முன்னாடி பூடும்."

"ஏன் அப்படி?"

"சைகோன்ல இன்னாமோ. நாங்க கேட்டதில்லீங்க. பின்னால போவாம இருக்கறதுக்கு எங்களுக்கு இன்னா கஷ்டம்?"

முந்தின நாள் பூராவும் தனக்குக் கிடைத்தது மரியாதை இல்லை என்று தெரிந்ததும் மாமாவின் மீசை இறங்கிவிட்டது. வெளியே வந்ததும், "மாப்ளே, இது கோட்டி" என்றார். எங்கள் பக்கம் பைத்தியத்துக்கு அதுதான் சொல். "ஆளு நல்ல ஆளுதான். ஆனா கோட்டி பிடிச்ச வீட்ல பொண்ணு எடுத்தா, நாளைக்கு அக்கா முகத்துல எப்படி முழிக்கது? காலம்பற முத பஸ்ஸுக்குக் கிளம்புவோம்."

சாயங்காலம் மல்லிகா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்து நின்றாள். டீக்கடைப் பேச்சு அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்கப்பா நடந்துபோறப்ப அவரு முதுக நான் பாத்ததே இல்ல. ஸ்கூலுக்குக் கூட்டினு போவச் சொல்லோ எல்லாப் புள்ளிங்களும் அவுங்கப்பா பின்னாடி ஓடும். நான் முன்னாடி போவேன், எங்கப்பா பின்னாடி வருவாரு. நாய் இருந்தா 'நாய் கீது, ஒதுங்கு'ன்னுவாரு. பள்ளம் இருந்தா சொல்லுவாரு. உங்க வழக்கம் கண்டிப்பா வேணும்னா, இந்தக் கல்யாணம் வேணாம்னு உங்க தம்பியாண்ட சொல்லிடுங்க. எங்கப்பாவ முன்னால நடக்க வெச்சி எனக்குத் தாலி வேணாம்."

தம்பியைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். அவள் கண் நிறைந்துவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் ஆசை வந்தது. அதுவரை நான் மீனுக்காகத்தான் தங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. மாமா டின்னையும் குடையையும் எடுத்துக்கொண்டு, நல்ல வார்த்தையாக நாலு சொல்லிக் கிளம்பத் தயாராக இருந்தார். நாகமுத்து வாசலில் நின்றார். அன்று அவர் காலில் ஷூ இல்லை.

"வாங்க, நெலத்தக் காட்றேன்" என்றார்.

அஞ்சலையம்மாள், "வாணாங்க" என்றார். அவர் கேட்கவில்லை. மதகைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து வரப்பில் இறங்கினார். அவருக்குப் பின்னால் மாமா, மாமாவுக்குப் பின்னால் நான். அஞ்சலையம்மாளும் மல்லிகாவும் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

மகளுக்காகத்தான் அந்த மனிதர் இறங்கினார் என்பது எனக்குப் புரிந்தது, மாமாவுக்குப் புரியவில்லை. அந்தக் காலைப் பனியிலும் நாகமுத்துவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரடி வைப்பார், திரும்பிப் பார்ப்பார். இன்னோரடி வைப்பார், திரும்பிப் பார்ப்பார். மாமா பயிரின் செழிப்பைப் பார்த்து உற்சாகமாகிவிட்டார். "இதுதான் முறை! நீங்க பாட்டுக்கு நடங்க. நான் உங்க அடி பாத்தே வாறேன்" என்றார்.

அவ்வளவுதான். நாகமுத்து ஓவென்று ஒரு சத்தம் போட்டார். திரும்பி, இரண்டு கையாலும் மாமாவை அள்ளிச் சேற்றில் தள்ளி, அவர்மேல் தானும் விழுந்து, அவர் தலையைத் தன் கைகளால் மூடிக்கொண்டார். குடை தானாக விரிந்து மிதந்தது. டின் திறந்து கடலைமிட்டாய் எல்லாம் நெற்பயிருக்குள் சிதறிற்று. நான் முதலில் சிரித்துவிட்டேன். நாகமுத்துவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

வயலில் ஒரு சத்தமும் இல்லை. கொக்கு ஒன்று கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. நாகமுத்து மெதுவாக எழுந்து சேற்றிலேயே உட்கார்ந்தார். பேசியபோது எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"அங்கியும் இதே மாரி நெல்லுதான். இதே மாரி வரப்புதான். நான் மொதல்ல போய்கினு இருந்தேன். எம் பின்னால கோவிந்து, கரியமாணிக்கத்துக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா போயி பேரு குடுத்தவங்க. கண்ணி வெடி இருக்கும்னு அவனுக்குப் பயம். நான்தான் சொன்னேன், பயப்படாதடா, என் அடி பாத்து வாடான்னு. நான் வெச்ச எடத்துலதான் அவன் கால வெச்சான். எனக்கு வெடிக்கல."

கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, "அவுங்கம்மாவாண்ட போயி இன்னான்னு சொல்லுவேன்? தோ இங்கதான் கீது கரியமாணிக்கம். இன்னும் போவல" என்றார்.

எங்கள் ஊரிலும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். மீசையை முறுக்கிவிட்டுக் கதை சொல்வார்கள், நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம். அந்தக் கதைகளில் யாரும் ஊர் திரும்பிய பிறகு நடக்கப் பயப்பட்டதில்லை. சண்டை முடிந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதை நடத்திய நாடுகளே மறந்துபோயிருக்கும். இந்த மனிதர் மட்டும் தினமும் காலையில் எழுந்து, தனக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்தார். இடுப்பு வரை சேறு, மீசையில் ஒரு நெல்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாகமுத்துவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"கிணறு அங்கிட்டா, இங்கிட்டா?"

"இப்பிடியே நேரா."

"சரி. நான் முன்னால போறேன். சம்பந்தி, நீங்க எனக்குப் பின்னால வாங்க."

சம்பந்தி! மூன்று நாளில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அங்கன என்ன முழிச்சுக்கிட்டு நிக்க?" என்று மாமா என்னை அதட்டினார். "நீ அவருக்குப் பின்னாலல்லா நிக்க? முன்னால வால!"

நான் பயிருக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் மாமாவுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். அப்படியே கிணறு வரைக்கும் போனோம். மாமா வழியெல்லாம், "இங்க பள்ளம், பாத்து வாங்க. இங்க நண்டு வளை" என்று சொல்லிக்கொண்டே போனார். கிணற்றை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நிலம் தேறிவிட்டது. ஆறுமுகம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வயலுக்குள் வந்துவிட்ட தன் முதலாளியை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு. முந்தாநாள் எங்க வழக்கத்த மாத்திச் சொல்லிட்டேன். வயித்துல மீன் நெறைய இருந்துச்சு, வாய் குழறிருச்சு. எங்க பக்கம் பொண்ணுதான் முன்னால நடக்கணும். தகப்பன் பின்னால. தகப்பனுக்குப் பின்னால ஒருத்தரும் வரப்படாது. அது ரொம்ப முக்கியம்."

நாகமுத்து அவரையே பார்த்தார். "நெசமாவா சம்பந்தி?"

"வழக்கத்துல எவனாவது பொய் சொல்லுவானா?" என்று மாமா கோபித்துக்கொண்டார்.

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அஞ்சலையம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து மாமாவின் காலில் ஊற்றினார். மத்தியானம் மறுபடியும் மீன் குழம்பு வைத்தார்கள்.

தை மாதம் பாகூரிலேயே கல்யாணம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மல்லிகா முன்னால் நடந்து வந்தாள். பின்னால் நாகமுத்து, காலில் ஷூ இல்லாமல், பட்டு வேட்டியில். வாசல் நடையில் கம்பளம் சுருண்டிருந்ததைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல, அவள் பாவாடையைத் தூக்குவது போலப் புடவையைத் தூக்கித் தாண்டினாள். நாலு வயதில் பள்ளிக்கூடம் போனபோதும் அப்படித்தான் தாண்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்குப் பின்னால் மாமா குறுக்கே இரண்டு கையையும் விரித்து, கூட்டத்துக்கு முகம் காட்டி நின்றார். "இது என்ன புதுசா பொண்ணு முன்னால வருது?" என்று எங்கள் அத்தை ஒருத்தி மூக்கில் விரல் வைத்தாள். "பேசாம இரு, இது பாண்டிச்சேரி வழக்கம். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது" என்றார் மாமா. இந்தப் பக்கம் பாகூர்ப் பெரியவர் ஒருவர், "இன்னாங்க இது, நம்ப ஊர்ல இல்லாத பழக்கம்?" என்று கேட்டார். "இது கோவில்பட்டி வழக்கங்க. ஆதி காலத்துலருந்து உள்ளது" என்றார் மாமா. இரண்டு பக்கமும் அடுத்த ஊரின் அறிவீனத்தை நினைத்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பெண் முன்னால் வருகிறாள், தகப்பன் பின்னால் வருகிறார். காரணம் கேட்கிற சிறுசுகளிடம், மாமா இருந்தவரை, அது ஆதி காலத்து வழக்கம் என்றே சொல்லிவந்தார். இப்போது அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் மகள் கல்யாணத்தில் நானும் அவளுக்குப் பின்னால் நடந்தேன். பாதி வழியில், எனக்குப் பின்னால் யாரும் வந்துவிடவில்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.